மலைசுத்திக் கவிராயரும் என் ஒட்டுமீசையும்

நான் பிறந்த அன்று போட்ட சத்தத்தில், ஆஸ்பத்திரியில் தூங்கிக்கொண்டிருந்த மற்ற குழந்தைகளெல்லாம் எழுந்து அழுதனவாம். அம்மா இதைப் பெருமையாகச் சொல்கிறாளா, குறையாகச் சொல்கிறாளா என்பது எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. அப்பா சொன்னால் அந்தச் சந்தேகமே வராது. குறைதான்.

அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ஆசிரமங்கள் இருக்கும் பக்கம், ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருந்தோம். மாடியில் அப்பா எழுப்பியிருந்த ஒற்றை அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா குடியிருந்தார். மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கென்றே கடல் தாண்டி வந்தவர். வந்த சில மாதங்களில் மௌன விரதம் எடுத்துக்கொண்டார். ஏதாவது தேவையென்றால் ஒரு சின்ன சிலேட்டில் எழுதிக்கொண்டு படியிறங்கி வருவார். பெரும்பாலும் அவருக்குத் தேவைப்பட்டது நான் வாயை மூடுவதுதான். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால் சிலேட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். உங்கள் மகளைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள் என்று அதில் எழுதியிருப்பதை, தெருக்கோடி வரை கேட்கும் குரலில் நானே படித்துக் காட்டுவேன்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். ஊரில் எத்தனையோ பேர் வீட்டு மாடி காலியாகக் கிடக்கும்போது நம் வீட்டில் ஒருவர் வந்து நிலைத்திருக்கிறார், அவரை நாம் சத்தம் போட்டு விரட்டிவிடக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கிசுகிசுவென்றே பேசினோம். குக்கர் விசில் அடிக்கும் முன் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். "சத்தத்தக் கம்மி பண்ணு" என்பதுதான் அந்த வயதில் அப்பா என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை. பள்ளிக்கூடத்தில் மைக் கெட்டுப்போகும் நாட்களில் மட்டும் எனக்கு மரியாதை கிடைத்தது. அன்றைக்கு உறுதிமொழி வாசிக்க என்னைக் கூப்பிடுவார்கள். மைக் சரியானதும் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்படி நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் மாமா நாடகம் போட வந்தார்.

அம்மாவின் தம்பி அவர். கீழ்பென்னாத்தூரில் இருந்தார். மணிலா, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்துப் பார்த்தார், வேன் ஓட்டிப் பார்த்தார், ஃபிளெக்ஸ் போர்டு அடித்துக் கொடுக்கும் கடையும் வைத்துப் பார்த்தார். மாமா ஆரம்பித்த எந்தக் காரியமும் முடிந்ததில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், மாமாவைத் தவிர. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் பஸ் ஏறி வந்தவர், சுதந்திர தினத்தன்று நம் ஊரில் ஒரு விழா நடக்கிறது, அதில் மலைசுத்திக் கவிராயரின் வாழ்க்கையை நாடகமாகப் போட நேரம் வாங்கிவிட்டேன் என்றார். நேரம் வாங்கியாகிவிட்டது. நாடகமும் நடிகர்களும்தான் பாக்கி.

மலைசுத்திக் கவிராயரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கே அவர் சொந்தப் பெயர் தெரியாது. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கொஞ்சம் படித்துவிட்டு மணிலாக் கொட்டை மண்டி ஒன்றில் கணக்கு எழுதப் போனார். வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். கதர் கட்டிக்கொண்டு மண்டிக்கு வரக் கூடாது என்று முதலாளி சொன்னதும், கதரை விடாமல் மண்டியை விட்டார். அதன்பிறகு பாட்டுக் கட்டுவதும் அதைப் பாடுவதுமே வேலை.

ஆனால் பாடுவதற்கு இடம் வேண்டுமே. கூட்டம் போடத் தடை, ஊர்வலம் போகத் தடை. அந்தச் சமயத்தில்தான் கவிராயருக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சனங்கள் மலையைச் சுற்றுகிறார்கள். அதை எந்தத் துரையாலும் தடுக்க முடியாது. ஆகவே நாமும் சுற்றுவோம் என்று கிளம்பிவிட்டார். அவர் ஒரு அடி பாடுவார், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அரோகரா என்பார்கள். கேட்கிறவர்களுக்குச் சாமி பாட்டு மாதிரியே இருக்கும்.

காவல் எத்தனை வைத்தாலும்
கார்த்திகை தீபம் மறையுமா?
நாவைக் கட்டிப் போட்டாலும்
நாட்டின் பேச்சு குறையுமா?

இதற்கு அரோகரா சொன்னவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? உளவு பார்க்க வந்த போலீஸ்காரர்களும் கூட்டத்தோடு மலையைச் சுற்றினார்கள். அவர்களுக்கும் புண்ணியம் சேர்ந்தது.

வந்து தங்கிப் போறவன்தான்
வாசல் சாவி கேட்கலாமா?
சொந்தக் காரன் வெளியில் நின்று
சோற்றுக் காகக் கெஞ்சலாமா?

இந்தச் சரணத்தில்தான் மாட்டிக்கொண்டார். யாரய்யா அந்தத் தங்கிப் போகிறவன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். சத்திரத்தில் தங்கினவங்கய்யா என்று கவிராயர் சொன்னாராம். பாட்டு கேட்கத் தெரிந்த இன்ஸ்பெக்டராக அமைந்துவிட்டது கவிராயரின் போதாத காலம். பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் போட்டுவிட்டார்கள். மாமாவின் நாடகத்தில் அதற்கு அடுத்த காட்சியில் கவிராயர் விடுதலையாகி வருவார், சனங்கள் மாலை போடுவார்கள், அவர் நிமிர்ந்து நின்று இதே பாட்டைப் பாடுவார், கொடி ஏறும், திரை விழும்.

மாமா முதலில் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இது நம்ம ஊரு நடவுப் பாட்டாச்சே என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கழனியில் இறங்கி அவளே பாடியிருக்கிறாள். யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்றெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்து தங்கிக்கொண்டு வாசல் சாவி கேட்கிறவன் வெள்ளைக்காரன் என்று மாமா விளக்கியபோது அம்மாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். நாத்தனாரைப் பற்றிய பாட்டு என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

கவிராயர் வேஷம் எனக்குத்தான் என்று மாமா வந்த அன்றே சொல்லிவிட்டார். இந்த வேஷத்துக்கு நடிப்பெல்லாம் அப்புறம், முதலில் தொண்டை வேண்டும் என்றார். அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. பொம்பளைப் பிள்ளை மீசை ஒட்டிக்கொண்டு மேடையில் நிற்பதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். வீட்டில் பாடிப் பழகினால் மாடி அறை காலியாகிவிடும் என்பதுதான் பயம். ஆகவே எங்கள் ஒத்திகை சந்துக்கு வெளியே, யாரோ அஸ்திவாரம் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்த ஒரு காலி மனையில் நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் சிலரும் என் வகுப்புத் தோழிகளும் சேர்ந்துகொண்டோம். டீக்கடைக்காரர் மகள் இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் பக்தர்கள். யாரும் காதைப் பொத்திக்கொள்ளாமல் நான் பாடிய முதல் இடம் அந்த மனைதான். பாட்டின் முதல் அடியை எடுத்ததும் எதிரே மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. மாமா பரம திருப்தியோடு தலையாட்டினார்.

சுதந்திர தினம் வந்தது. காலையிலேயே எங்களுக்கு வேஷம் போட்டுவிட்டார்கள். மாமாவின் கதர் ஜிப்பா எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய மீசையைக் கோந்து வைத்து ஒட்டினார் மாமா. மேடைக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். வரவேற்றவர் வந்திருந்த ஒவ்வொருவரையும் வரவேற்றார், வராதவர்களையும் வரவேற்றார். சுதந்திரத்துக்காக ரத்தம் சிந்தியவர்களைப் பற்றி ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் அதே ரத்தத்தைப் பற்றி மறுபடியும் பேசினார். பிறகு சிறப்பு விருந்தினருக்கு வேறு ஊரில் கொடி ஏற்ற வேண்டியிருந்ததால் அவசரமாகப் பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். நாடகம் போடாமலேயே எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. என்னிடம் அதை நீட்டிய பெரியவர், நல்லா நடிச்சே பாப்பா என்றார். நான் இறங்கி வருவதற்குள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமா விழாக் குழுவினர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். கால் மணி நேரம் போதும் என்றார், பாட்டு மட்டும் பாடிவிடுகிறோம் என்றார். மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மாமா திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இன்ஸ்பெக்டர் அழத் தொடங்கியிருந்தாள். கண்ணீரில் அவள் மை மீசை கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாமா நிமிர்ந்து மலையைப் பார்த்தார். எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும், யாரும் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை. மாமா பார்த்தார். பிறகு சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போல, "இன்னிக்குப் பௌர்ணமிதானே?" என்று கேட்டார்.

மதியம் எங்களையெல்லாம் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். அம்மா எல்லோருக்கும் சத்தமில்லாமல் சாப்பாடு போட்டாள். அப்பா சவாரிக்குப் போயிருந்தார். வெயில் தாழ்ந்ததும் ஜிப்பாவோடும் மீசையோடும் கடைசிக் காட்சிக்கான கொடியோடும் செங்கம் சாலைக்கு வந்தோம். அம்மாவும் புடவையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள். பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது என்று காரணம் சொன்னாள். ஆனால் நடவுப் பாட்டின் முதல் அடியை அவள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்ததை நான் கேட்டேன்.

பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சாலை முழுக்கத் தலைகள். எந்தெந்த ஊர்களிலிருந்தோ பஸ்ஸிலும் வேனிலும் வந்திறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்களை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கிரிவலத்தில் இதைவிட விநோதமான வேஷங்களை எல்லாம் பார்த்தவர்கள் அவர்கள். கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டி பக்திப் பாட்டு போட்டிருந்தார்கள். நான் முதல் அடியைப் பாடினேன். என் தோழிகள் அரோகரா என்றார்கள். பக்கத்தில் நடந்தவர்களுக்கே கேட்டிருக்காது. வாழ்க்கையில் முதல்முறையாக என் சத்தம் போதாமல் போன இடம் அது.

செங்கம் சாலையை விட்டுப் பாதை திரும்புகிற இடத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்களைப் பார்த்தார். கையில் கொடியோடு ஒரு ஆள், பின்னால் காக்கிச் சட்டையும் கதர் சட்டையும் போட்ட சின்னப் பெண்கள். கையை நீட்டி நிறுத்தினார்.

"இன்னா இது, ஊர்வலமா? பர்மிஷன் இருக்கா?"

மாமாவுக்கு வாய் குழறியது. நாடகம், விழா, டிபன் பாக்ஸ் என்று என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரிந்த கேள்வி. காலி மனையில் தினமும் இன்ஸ்பெக்டர் என்னிடம் அதைத்தான் கேட்பாள். நாடகம் தொடங்கிவிட்டது என்றே என் உடம்பு நினைத்துக்கொண்டது. நான் முன்னால் வந்து, மார்பை நிமிர்த்தி, ஒத்திகையில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"மலையச் சுத்துறதுக்கு மலைகிட்ட மட்டும்தாங்க உத்தரவு கேப்போம்."

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். இந்த வசனம் முடிந்ததும் அடுத்த வசனம் டீக்கடைக்காரர் மகளுடையது. அவளும் பழக்கத்தை விடவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு, கரைந்துபோன மீசையோடு, நிஜ சப்-இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் போய் நின்று என்னை நோக்கி விரலை நீட்டி, இவனைப் பிடித்து உள்ளே போடு என்று கட்டளையிட்டாள்.

கூட்டம் சிரித்தது. சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு குனிந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"மீசை ஒரு பக்கம் கழண்டுடுச்சு பாப்பா. ஒட்டிக்கினு போ."

மாமா கோந்து பாட்டிலை எடுப்பதற்குள் அவரே ஒரு தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருந்தார்.

அங்கிருந்து அடி அண்ணாமலைப் பக்கம் நடந்தோம். இப்போது எங்கள் பின்னால் கொஞ்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். தடுப்பருகே சிரித்தவர்கள்தான். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக வந்தார்கள். மாமா நடந்துகொண்டே அவர்களுக்குக் கவிராயர் கதையைச் சொன்னார். ஆனால் பாட்டுத்தான் எடுபடவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரைக் கடக்கும்போதும் என் குரல் அமுங்கிப் போனது. தொண்டை எரிந்தது. கால் வலித்தது. சூரியன் மலைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார்.

யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உன் மகள் மீசை வைத்துக்கொண்டு போலீஸோடு சண்டை போடுகிறாள் என்று சொல்லியிருப்பார்கள். ஆட்டோவைத் தடுப்பருகே விட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். மாமாவைத் தாண்டி வந்தார். அம்மாவையும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து, வா வீட்டுக்கு என்றார். நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவரோடு திரும்பினேன்.

அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

அந்த வருடங்களில் கரண்ட் போவது எங்களுக்கு மூச்சுவிடுவது மாதிரி. ஆனால் பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையில் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே சமயத்தில் அடங்கின. அத்தனை பேரின் வெறுங்கால்கள் தார்ச்சாலையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அப்பாவின் கைப்பிடிக்குள் இருந்தபடியே நான் பாடினேன். யாரும் சொல்லிப் பாடவில்லை. இடம் காலியாக இருந்தது, நிரப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

காவல் எத்தனை வைத்தாலும் என்று எடுத்தபோது அப்பா நின்றார். கார்த்திகை தீபம் மறையுமா என்று முடித்தபோது பின்னால் வந்த கூட்டம் அரோகரா என்றது. என் தோழிகள் மட்டுமல்ல, எல்லோரும் சொன்னார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த அடிக்கு அவர்களும் சொன்னார்கள். கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து, என்னை யாரென்றே தெரியாதவர்களிடமிருந்து, கொஞ்சம் தாமதமாக அந்த அரோகரா திரும்பி வந்தது. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

அப்பா என் கையை விட்டார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா பாடும்மா. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அதன்பிறகு நான் பாடியதை அந்தப் பாதை மறந்திருக்காது. இரண்டாவது சரணத்தைப் பாடி முடித்தேன். சோற்றுக்காகக் கெஞ்சலாமா என்பதோடு எங்கள் பாட்டு முடிந்துவிடும். மாமாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்காக மூச்சை இழுத்தபோது, இடப்பக்கமாக நடந்துவந்த சில பெண்கள், மஞ்சள் புடவைக்காரர்கள், எங்கோ கிராமத்திலிருந்து வந்தவர்கள், அதே மெட்டில் மேலே பாடினார்கள்.

நடந்து நடந்து கால் செவந்தும்
நாளை விடியா திருக்குமா?
கிடந்து தூங்கும் தோழா உன்
கிழக்கு மட்டும் வெளுக்குமா?

மாமா நடுப்பாதையில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதிக்கொண்டு விலகிப் போனார்கள். அவர் எத்தனை பேரிடம் கேட்டலைந்தும் கிடைக்காத சரணம் அது. அந்தப் பெண்களிடம் ஓடிப்போய் எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். எங்க ஊர்ல களை எடுக்கறப்போ பாடுவோம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பாட்டை நிறுத்தாமல் நடந்தார்கள். அம்மா அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். கிசுகிசுவென்று பேசியே நான் பார்த்திருந்த அம்மா வாயைத் திறந்து பாடினாள். அப்போதுதான் எனக்கு இந்தத் தொண்டை யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தது.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் அப்பா சாட்சி. எங்களுக்குச் சற்று முன்னால், வெள்ளைப் புடவையைக் கோணலாகச் சுற்றிக்கொண்டு எங்கள் மாடி அம்மா நடந்துகொண்டிருந்தார். சிலேட்டு கழுத்தில் தொங்கியது. அப்பா அவரைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தச் சொல்லி என் தோளைத் தொட்டார். அதற்குள் நான் அடியை முடித்துவிட்டிருந்தேன். கூட்டம் அரோகரா என்றது. அந்த அம்மாவும், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, நன்றாக வாய்விட்டு அரோகரா என்றார். சொன்ன பிறகு தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த அரோகராவுக்கு அவர் தயங்கவே இல்லை.

அடி அண்ணாமலைக்குள் நாங்கள் நுழைந்தபோது நிலா ஏறியிருந்தது. ஒரு ஊரே எங்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தது. மாமா கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவர் தொடங்கிய ஒரு காரியம் முடிந்துகொண்டிருந்தது, அதுவும் இந்த அழகில். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் எனக்கு மோர் கொடுத்தார். இன்னொருவர் மாலை வாங்கி வந்து மாமா கழுத்தில் போட, மாமா அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். மாமா எழுதிய கடைசிக் காட்சியில் மாலை வரும் என்று எழுதியிருந்தது, ஆனால் மாலைக்கு எங்களிடம் வழியில்லாமல் காகிதத்தில் செய்து வைத்திருந்தோம். நிஜ மாலை அவ்வளவு கனமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அங்கே தேங்காயும் கற்பூரமும் விற்கிற ஒரு கடை இருந்தது. மாமா எங்களை அதன் முன்னால் நிறுத்தி, இங்கே நின்று பாட்டை முழுசாகப் பாடு என்றார். மூன்று சரணங்களையும் பாடினேன். கடைக்குள்ளிருந்து ஒரு அம்மா வெளியே வந்து நின்று கேட்டார். நரைத்த முடி, நெற்றியில் விபூதி, கையில் கற்பூரப் பொட்டலம். கவிராயரின் மகள் அவர்தான் என்று மாமா என் காதில் சொன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். மீதியைப் பல வருடங்கள் கழித்து, நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாகி, விசில் இல்லாமலே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில் சொன்னார். கவிராயர் சிறையில் இருந்தபோது தொண்டையில் நோய் கண்டதாம். வைத்தியம் பார்க்கத் தாமதமாகிவிட்டதாம். விடுதலையாகி வந்தவருக்குக் குரல் இல்லை. அவர் உள்ளே இருந்தபோது பிறந்த மகள் அவள். கையைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவாராம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று கோபுரத்துக்கு எதிரே சனங்களெல்லாம் அவர் பாட்டைப் பாட, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாராம். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். ஊர் முழுக்கக் கேட்ட குரலை அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் கேட்டதில்லை. இதையெல்லாம் ஏன் நாடகத்தில் வைக்கவில்லை என்று மாமாவிடம் கேட்டேன். பாட முடியாத கவிராயரை எப்படிம்மா மேடையில் நிற்க வைப்பேன் என்றார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. பாடி முடித்து, கைதட்டல் அடங்கி, பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என்னருகே வந்தார். எல்லோரும் செய்வதுபோலக் கன்னத்தைக் கிள்ளவில்லை, தலையில் கை வைக்கவில்லை. என் ஜிப்பாவைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். பிறகு கற்பூர வாசனை அடிக்கும் விரல்களால் என் தொண்டையைத் தொட்டு, அது இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, "அப்பா" என்றார்.

அந்தச் சாலையில் எங்கு பார்த்தாலும் சனங்கள் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காரும்போது ஒவ்வொருவரும் அப்பா என்றுதான் உட்கார்ந்தார்கள். அவ்வளவு தூரம் நடந்தால் யாருக்கும் வலிக்கும். இந்த அம்மா கடையை விட்டு நகரவே இல்லையே, இவருக்கு எதற்குக் கால் வலிக்கிறது என்று யோசித்துக்கொண்டே மிச்சமிருந்த மோரைக் குடித்தேன்.